"அக்கா, மாத்திரையைக் கூட்டிக் குடுக்கலாமா?"

வாசகியின் கடிதம் (சுருக்கம்)

அரூர் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தாய் நாலு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

வயது 38. மகனுக்கு 11, ஒன்றரை வயதில் தலசீமியா மேஜர் (பெற்றோர் வழியாக வரும், தொடர்ந்து ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும் ரத்த நோய்) என்று தெரிந்தது. அன்றிலிருந்து மூன்று வாரத்துக்கு ஒருமுறை தருமபுரிக்கு பஸ் ஏறிப் போய் ரத்தம் ஏற்றி வருகிறார்கள். கணவருக்கு ஓசூரில் கம்பெனி வேலை, ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வீடு. மகள் பத்தாம் வகுப்பு. வார்டில் பக்கத்துக் கட்டிலில் அழுதுகொண்டிருந்த ஒரு புது அம்மாவுக்குத் தேறுதல் சொன்னதில் ஆரம்பித்தது, நாலு வருஷத்தில் 17 குடும்பம், ஒரு வாட்ஸ்அப் குழு என்று வளர்ந்துவிட்டது. ரத்தக் கொடையாளர் தேடுவது, மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கு மனு எழுதித் தருவது, புதிதாக வருபவர்களைக் கூட்டிப்போய் டாக்டரிடம் விடுவது எல்லாம் இவர்தான்.

சமீபத்தில் அடுத்தடுத்துச் சிக்கல். ஃபெரிட்டின் (அடிக்கடி ரத்தம் ஏற்றுவதால் உடம்பில் சேரும் இரும்பைக் காட்டும் பரிசோதனை) 2,100 வந்துவிட்டது என்று ராத்திரி பதினோரு மணிக்குப் பதறிய ஒரு தாயிடம், இரும்பை வெளியேற்றும் மாத்திரையைச் சொல்லி, "என் பையனுக்கு 500 குடுக்கறேன், நீயும் அதையே குடு" என்றிருக்கிறார். மூன்றாம் நாள் அந்தக் குழந்தைக்கு வாந்தி, பேதி, மருத்துவமனையில் சேர்க்கை. அடுத்தது, குழுவிலுள்ள இன்னொரு தாய் தன் தங்கையின் ரத்தப் பரிசோதனைத் தாளை அனுப்பி "என்னன்னு பாருங்கக்கா" என்று கேட்க, இவர் குழுவிலேயே "உன் தங்கச்சிக்கும் தலசீமியா இருக்கு" என்று பதில் போட்டுவிட்டார். தாய்மாமனுக்குப் பேசி வைத்திருந்த கல்யாணம் நின்றுபோனது. சொந்தக்காரர்கள் வீட்டு வாசலில் வந்து சத்தம் போட்டார்கள். இதற்கிடையில் உதவிப் பணத்துக்குக் கணக்கு எங்கே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். வீட்டில் மகள் சரியாகப் பேசுவதில்லை. "நான் செய்யறது சேவையா, வேண்டாத வேலையா? விட்டுடவா, இல்ல டிரஸ்ட் ஆரம்பிச்சு முறையா செய்யவா?" என்பது அவர் கேள்வி.

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

விட வேண்டாம். டிரஸ்டும் இப்போது வேண்டாம். மருத்துவமனையால் தர முடியாத ஒன்றை நீங்கள் தருகிறீர்கள். இந்த நோயோடு பத்து வருஷம் ஒரு குழந்தையை வளர்த்துக் காட்டியவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது, புதிதாக வந்த தாய்க்குப் பெரிய பலம். ஆனால் டாக்டர் சொல்ல வேண்டிய பதிலையும், அந்தந்தக் குடும்பம் சொல்ல வேண்டிய செய்தியையும் நீங்களே சொல்லத் தொடங்கியதுதான் இத்தனைக்கும் வேர். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

500 மில்லிகிராமில் நடந்தது

உங்கள் மகன் 25 கிலோ. அந்த மாத்திரை, அதாவது தண்ணீரில் கரைக்கும் டெஃபராசிராக்ஸ், 500 மி.கி. என்றால் கிலோவுக்கு 20 மி.கி. அந்தக் குழந்தை 12 கிலோ. டாக்டர் எழுதியது 250, அதாவது கிலோவுக்கு ஏறத்தாழ 21. இரண்டு குழந்தைகளுக்கும் ஏற்கெனவே ஒரே அளவுதான் போய்க்கொண்டிருந்தது! நீங்கள் 500 ஆக்கச் சொன்னதும் அது கிலோவுக்கு 42 ஆகிவிட்டது. இந்த வகை மாத்திரைக்கு உச்ச வரம்பே 40. அதுவும் டாக்டர்கள் மாதாமாதம் கிரியாட்டினினும் (சிறுநீரகப் பரிசோதனை) கல்லீரல் பரிசோதனையும் பார்த்து, படிப்படியாக ஏற்றித் தொடுகிற அளவு. பேதியில் உடம்பில் நீர் வற்றும்போது இந்த மருந்து சிறுநீரகத்தைத் தாக்கும் ஆபத்து கூடுகிறது. வாந்தி, பேதி, சாப்பிடாமல் கிடக்கும் காய்ச்சல் என்றால் மாத்திரையை நிறுத்திவைத்து அன்றே டாக்டரைக் கேட்பதுதான் முறை.

இன்னொரு கண்ணியும் இருக்கிறது. இதே மருந்து கரைக்கும் மாத்திரையாகவும் வரும், அப்படியே விழுங்கும் மாத்திரையாகவும் வரும். விழுங்கும் வகையில் 360 மி.கி. என்பது கரைக்கும் வகையில் 500-க்குச் சமம். அட்டையில் மருந்தின் பெயர் ஒன்றேதான் இருக்கும். ஒரு வீட்டில் ஒன்று, இன்னொரு வீட்டில் மற்றது இருந்தால் போனில் எண்ணை மட்டும் சொல்லிக்கொள்வது எவ்வளவு ஆபத்து என்று பாருங்கள்.

ஃபெரிட்டின் 2,100 என்றதும் பதறியதும் அவசரப்பட்டதுதான். காய்ச்சல், சளி, கல்லீரல் வீக்கம் எதிலும் ஃபெரிட்டின் தற்காலிகமாக எகிறும். ஒரே ஒரு தாளை வைத்து யாரும் அளவை மாற்றுவதில்லை. சில மாத இடைவெளியில் எடுத்த இரண்டு மூன்று முடிவுகள் எந்தப் பக்கம் போகின்றன என்றுதான் பார்ப்பார்கள்.

அந்த ராத்திரி நீங்கள் சொல்லியிருக்க வேண்டியது இவ்வளவுதான்: "அளவை நான் சொல்லக் கூடாது கண்ணு. காலையில டாக்டர்கிட்ட கேளு. என்ன கேக்கணும்னு சொல்றேன், எழுதிக்கோ." பிறகு இந்தக் கேள்விகள்: இன்றைய எடை என்ன, கடைசியாக எப்போது எடை பார்த்தது? கிலோவுக்கு எவ்வளவு போகிறது? போன முறை ஃபெரிட்டின் எவ்வளவு? அப்போது காய்ச்சல் இருந்ததா? இந்த மாதம் கிரியாட்டினின் பார்த்தாயிற்றா? வாரத்தில் எத்தனை நாள் மாத்திரை உண்மையில் வயிற்றுக்குள் போகிறது?

கடைசிக் கேள்விதான் உங்கள் களம். அளவு சரியாக இருந்தும் ஃபெரிட்டின் ஏறினால், மருந்து உள்ளே போகிற விதத்தைப் பாருங்கள். வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு, தினமும் ஒரே நேரத்தில் கொடுக்க வேண்டும். ஒரு கிராமுக்குக் குறைவான அளவென்றால் 100 மி.லி. தண்ணீர் போதும், சுமாராக அரை டம்ளர். பாலில் கரைக்கக் கூடாது, சரியாகக் கரையாது. மெல்லவும் கூடாது. குடித்து முடித்ததும் டம்ளரைச் சாய்த்துப் பாருங்கள், அடியில் வெள்ளையாக ஒரு படிவு ஒட்டியிருக்கும். பெரும்பாலான வீடுகளில் அது கழுவித் தொட்டியில் போகிறது. இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கலக்கி அதையும் குடிக்க வைக்க வேண்டும். பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுவிட்டு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிற குடும்பங்களில் இதைப் பாட்டிக்கு நேரில் செய்து காட்ட ஆள் வேண்டும். அந்த ஆள் நீங்கள்தான். இதற்கு டாக்டருக்கு நேரமில்லை.

சாப்பாட்டைப் பற்றியும் குழுவில் நிறையக் கட்டுப்பாடு போட்டிருக்கிறீர்கள் என்று தெரிகிறது. இரும்புச் சத்து டானிக், மாத்திரை கொடுக்கக் கூடாது என்பது சரி. ஆனால் முருங்கைக் கீரை, கேழ்வரகு எல்லாவற்றையும் நிறுத்தினால் பிள்ளை மெலிவதுதான் மிச்சம். ஒரு பை ரத்தத்தில் சுமார் 200 மி.கி. இரும்பு இருக்கிறது. நல்ல உடம்பு ஒரு நாள் சாப்பாட்டிலிருந்து உறிஞ்சுவது 1 அல்லது 2 மி.கி.தான். தலசீமியாவில் இது கொஞ்சம் கூடும் என்றாலும், பிரச்சினை தட்டில் இல்லை, பையில் இருக்கிறது.

ராத்திரி போனில் நீங்கள் தயங்காமல் சொல்லக்கூடிய ஒரே பதில் "உடனே கிளம்பு, 108-ஐக் கூப்பிடு" என்பது. எப்போதெல்லாம்? ரத்தம் ஏற்றி வந்த பிறகு சிறுநீர் கறுத்துப்போனால், மூச்சு வாங்கினால், முதுகு வலியோடு குளிர் நடுக்கம் வந்தால், வலிப்பு வந்தால். மண்ணீரலை எடுத்த பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. இரும்பை வெளியேற்றும் இன்னொரு மருந்தான டெஃபெரிப்ரோன் சாப்பிடும் பிள்ளைக்குக் காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால், அந்த மருந்தை நிறுத்திவிட்டு உடனே போய் வெள்ளை அணு எண்ணிக்கை பார்க்க வேண்டும்.

அந்தப் பெண்ணின் கல்யாணம்

இங்கே இரண்டு தவறு. முதலாவது, நீங்கள் எழுதியதே உண்மையில்லை. தாளில் ஹெச்பிஏ2 (ஹீமோகுளோபினில் ஒரு வகையின் அளவு) 5.2 என்று இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். 3.5-க்கு மேல் போனால் பொதுவாகக் கேரியர் என்று எடுத்துக்கொள்வார்கள். கேரியர் என்றால் குறையுள்ள மரபணுவை ஒற்றையாகச் சுமப்பவர், நோயாளி இல்லை. ரத்தம் ஏற்ற வேண்டாம், இரும்பை வெளியேற்றும் மாத்திரை வேண்டாம், லேசான சோகை இருக்கலாம், அவ்வளவுதான். நீங்களும் உங்கள் கணவரும் கேரியர்தானே? உங்களை யாராவது நோயாளி என்று சொன்னார்களா?

இரண்டாவது, அது அந்தப் பெண்ணின் செய்தி. அக்காதான் அனுப்பினார், அவர் கேட்டதால்தான் சொன்னேன் என்கிறீர்கள். அக்காவுக்கும் அது சொந்தமில்லை. 20 வயதுப் பெண், தன் ரத்த முடிவைத் தான் முதலில் தெரிந்துகொண்டு, யாரிடம் எப்போது சொல்வதென்று முடிவெடுக்க வேண்டியவர். "மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்றது கடமையில்லையா" என்று கேட்டிருக்கிறீர்கள். கடமைதான், ஆனால் அது உங்களுடையதல்ல. அவர் தயங்கினால், பக்கத்தில் உட்கார்ந்து தைரியம் சொல்லலாம், ஆலோசனை மையத்துக்குக் கூட்டிப்போகலாம்.

நடக்க வேண்டியது மாப்பிள்ளைக்கும் அதே பரிசோதனை. அந்தப் பெண்ணுக்கு இது அம்மா வழியில் வந்திருந்தால், தாய்மாமனும் கேரியராக இருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு. அவர் கேரியர் இல்லையென்றால் பிள்ளைக்கு மேஜர் வரும் என்ற பயம் தேவையில்லை. இருவரும் கேரியர் என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு மேஜர், நாலில் இரண்டு கேரியர், ஒன்று இரண்டுமில்லாதது. "முதல் பிள்ளைக்கு வந்துடுச்சு, இனி மூணு பிள்ளைக்கு வராது" என்று உங்கள் குழுவில் யாராவது நம்பிக்கொண்டிருந்தால் உடனே திருத்துங்கள். ஒவ்வொரு முறையும் சீட்டு புதிதாகக் குலுக்கப்படுகிறது. இருவரும் கேரியர் என்று தெரிந்தும் கல்யாணம் செய்துகொள்பவர்கள் உண்டு. அவர்கள் கர்ப்பத்துக்கு முன்பே இருவரின் மரபணு மாற்றத்தையும் கண்டுபிடித்து வைத்துக்கொண்டால், 11 வாரத்துக்கு மேல் நஞ்சுக்கொடித் திசுவை எடுத்து, கருவில் உள்ள பிள்ளையின் நிலையை அறிய முடியும். அதற்குப் பிறகான முடிவு முழுக்க அவர்களுடையது.

சொந்தத்தில் கட்டினால்தான் வரும் என்ற எண்ணமும் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. நம் பக்கம் மாமன் மகள், அக்கா மகள் கட்டுவது வழக்கம் என்பதால் ஒரே குடும்பத்தில் ஓடும் கேரியர் தன்மை இரண்டு பக்கமும் சேர வாய்ப்பு அதிகம், அது உண்மை. ஆனால் சொந்தத்துக்கு வெளியே கட்டிய இருவரும் கேரியராக இருக்கலாம். ஆகவே பரிசோதனை எல்லோருக்கும்தான். ஒரு நுணுக்கம்: இரும்புச் சத்துக் குறைவு இருந்தால் ஹெச்பிஏ2 அளவு தாழ்ந்து காட்டக்கூடும். எல்லைக்கோட்டில் வந்த முடிவை டாக்டர் திரும்ப எடுக்கச் சொன்னால் அலட்சியம் செய்யக் கூடாது.

இப்போது என்ன செய்வது? பழைய செய்தியை எல்லோர் போனிலிருந்தும் இனி அழிக்க முடியாது. அந்தப் பெண்ணை நேரில் பார்த்து, "நான் போட்டது தப்பு, பொதுவுல போட்டது அதைவிடத் தப்பு" என்று சொல்லுங்கள். விளக்கம், சமாதானம் எதுவும் சேர்க்காதீர்கள். அவர் சம்மதித்தால், இரு வீட்டாரையும் ஒரு மரபியல் ஆலோசகரிடமோ ரத்தவியல் மருத்துவரிடமோ உட்கார வைக்க வழி சொல்லுங்கள். சம்மதிக்காவிட்டால் அதோடு விட்டுவிடுங்கள்.

குழுவை அட்மின் மட்டும் எழுதும் அறிவிப்புக் குழுவாக மாற்றிவிடுங்கள். மருத்துவ முகாம், ரத்த முகாம் தேதிகள் மட்டும் அதில் வரட்டும். பிள்ளைகளின் படம், பரிசோதனைத் தாள், பெயர் எதுவும் வேண்டாம். உங்கள் போனில் சேர்ந்திருக்கும் 17 குடும்பத்தின் தாள்களையும், அவரவரிடம் நகல் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு அழித்துவிடுங்கள். அதற்குப் பதிலாக ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நோட்டு இருக்கட்டும்: ரத்த வகை, எடை, ஏற்றும் முன் ஹீமோகுளோபின், ஏற்றிய தேதி, அலர்ஜி வந்ததா, இப்போதைய மருந்து. திடீரென்று பெங்களூரிலோ திருப்பூரிலோ ரத்தம் ஏற்ற நேர்ந்தால் அந்த நோட்டுதான் பேசும்.

பணமும் டிரஸ்டும்

பணம் உங்கள் கணக்கில் நிற்கவே கூடாது. கொடுக்க நினைப்பவர் மருந்துக் கடைக்கோ பரிசோதனைக் கூடத்துக்கோ அந்தக் குடும்பத்துக்கோ நேரே அனுப்பட்டும். இப்போது கையில் இருக்கும் 38,400 ரூபாய்க்கு வரவு செலவை ஒரு தாளில் எழுதி, வங்கிப் பதிவோடு கொடுத்தவர்களுக்குக் காட்டி, மீதியை என்ன செய்யலாம் என்று அவர்களையே கேளுங்கள். கணக்குக் கேட்டவர் மேல் கோபம் வேண்டாம்.

சங்கமாகப் பதிவு செய்ய 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி குறைந்தது 7 பேர் வேண்டும். பிறகு ஆண்டுக் கணக்கு, பொதுக்குழு, வருமான வரித் தாக்கல் எல்லாம் வரிசையாக வரும். பொறுப்பாக வேலை செய்ய 7 பேர் சேரும்வரை பதிவைத் தொடாதீர்கள். ஒருவரே ஓடும் சங்கம் அவரையே விழுங்கும். சிங்கப்பூரில் இருக்கும் உறவினர் அனுப்பும் பணத்தில் எச்சரிக்கை. அவர் இந்தியக் குடிமகனாகவே இருந்து, தன் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர் குடியுரிமை வாங்கியவர் என்றால் ஆகும். வெளிநாட்டு நன்கொடைச் சட்டப் பதிவு இல்லாமல் சேவைப் பணிக்கு அதை வாங்கக் கூடாது.

குடும்பங்களுக்குத் தவறாகச் சொல்லக் கூடாத சில

மாற்றுத்திறனாளி சான்றிதழ் வாங்கினால் அரசு வேலையில் ஒதுக்கீடு என்று சொல்லி வருகிறீர்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் தலசீமியா உண்டு. 40 விழுக்காடோ அதற்கு மேலோ சான்று கிடைத்தால் உயர்கல்வியில் 5 விழுக்காடு ஒதுக்கீட்டுக்குள் வரலாம். ஆனால் அரசு வேலைக்கான 4 விழுக்காட்டுப் பட்டியலில் ரத்த நோய்கள் இல்லை. இல்லாததைச் சொல்லி மனு எழுத வைத்தால் நாளை உங்கள் மேல்தான் வருத்தம்.

ரத்தம் கொடுக்க அப்பா, சித்தப்பா, அண்ணன் என்று சொந்தத்தையே வரச் சொல்கிறீர்கள். எலும்பு மஜ்ஜை மாற்றுக்கு (இந்த நோயைக் குணமாக்கும் சிகிச்சை) வாய்ப்புள்ள பிள்ளைக்கு நெருங்கிய ரத்த சொந்தத்தின் ரத்தம் ஏற்றுவதைத் தவிர்ப்பார்கள். பின்னால் மஜ்ஜையை உடம்பு தள்ளிவிடக் காரணமாகலாம். அவர்கள் ரத்த வங்கிக்குப் பொதுவாகக் கொடுக்கட்டும், இந்தப் பிள்ளைக்கென்று வேண்டாம். ஆண்கள் 90 நாள், பெண்கள் 120 நாள் இடைவெளி. ஏப்ரல், மே மாதங்களில் கல்லூரி விடுமுறையில் முகாம்கள் குறையும், பிப்ரவரியிலேயே பட்டியல் போட்டுவிடுங்கள்.

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்குப் போகிறவர்களுக்கு ஒன்று: தலசீமியா நோயாளிக்கும் கூடப் போகும் ஒருவருக்கும் சிகிச்சைப் பயணத்துக்கு ரயிலில் ஸ்லீப்பர் கட்டணத்தில் 75 விழுக்காடு சலுகை உண்டு. மருத்துவமனை அதற்கான படிவத்தில் கையெழுத்திட வேண்டும். அரூர்க்காரர்களுக்கு மொரப்பூரில் ஏறிக் காட்பாடியில் இறங்குவது வசதி. உடன்பிறப்பின் மஜ்ஜை முழுதாகப் பொருந்தினால், கோல் இந்தியா நிறுவனத்தின் தலசீமியா பால சேவா திட்டத்தில் பட்டியலிட்ட மருத்துவமனைகளில் 10 லட்சம் ரூபாய் வரை உதவி கேட்க முடியும், வேலூர் சி.எம்.சி. அதில் இருக்கிறது.

உங்கள் மகள்

கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் ஓரமாக ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். மகளுக்கு ஒன்பது வயதில் மஜ்ஜைப் பொருத்தம் பார்த்தீர்கள், "சேரல", அதற்குப் பிறகு வீட்டில் அந்தப் பேச்சே இல்லை. எனக்கு உங்கள் கடிதத்திலேயே கனமான வரி அதுதான். ஒன்பது வயதுப் பிள்ளை அதை எப்படி எடுத்துக்கொண்டிருக்கும்? தம்பியைக் காப்பாற்ற ஒரு பரீட்சை வைத்தார்கள், நான் தேறவில்லை என்றுதான். உடன்பிறப்புக்குப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்புத்தான் உண்டு, அதில் அவள் செய்யக்கூடியது எதுவுமே இல்லை என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. இப்போது ஊர்ப் பிள்ளைகளுக்காக அம்மா ராத்திரியெல்லாம் போனில் பேசுவதைப் பக்கத்து அறையில் இருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அதைச் சொல்லுங்கள். இத்தனை வருஷம் விளக்காமல் விட்டதற்கு வருத்தமும் சொல்லுங்கள். அவள் கேரியரா என்ற பரிசோதனையும் பாக்கி இருக்கிறது. நோய் இல்லாத உடன்பிறப்பு கேரியராக இருக்க மூன்றில் இரண்டு வாய்ப்பு. அவசரமில்லை, பொதுத்தேர்வு முடியட்டும். அவளுக்குப் புரியும்படி விளக்கி, அவள் சரி என்ற பிறகு எடுங்கள். முடிவை முதலில் அவளிடம் சொல்லுங்கள், பாட்டி வீட்டுக்கு அல்ல.

போனுக்கு ராத்திரி எட்டு மணி எல்லை. அதற்கு மேல் வரும் அழைப்புக்கு 108, 104 எண்கள் இருக்கின்றன. 17 குடும்பத்தில் ஐந்தாறு பேரை மட்டும் நீங்கள் வைத்துக்கொண்டு, மீதியைக் குழுவில் அனுபவமுள்ள இரண்டு தாய்மார்களிடம் பிரித்துக் கொடுங்கள். "அளவு சொல்லக் கூடாது, தாள் பகிரக் கூடாது, பணம் வாங்கக் கூடாது" என்ற மூன்றையும் அவர்களுக்கும் சொல்லிக் கொடுங்கள்.

அடுத்த முறை ரத்தம் ஏற்றும் நாளில் கணவரை ஒரு நாள் லீவு போடச் சொல்லுங்கள். மகளையும் கூட்டிப்போங்கள். ரத்தம் ஏற மூன்று, நாலு மணி நேரம் ஆகும். மகன் பக்கத்தில் அப்பா இருக்கட்டும், உங்கள் போனும் அவரிடமே இருக்கட்டும். நீங்களும் மகளும் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய் நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.